குஞ்சுகள் வெளியே வரட்டும் என்றாய்

கதிர்,

இதை உன் வீட்டு ஹாலில், உன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ ஆபீசுக்குப் போய்விட்டாய். செல்வி வயிற்றுப் பிள்ளையோடு உள் அறையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். இருமி இருமி ஓய்ந்து இப்போதுதான் கண்ணசந்தாள். பால்கனியில் உன் பறவைகள் கத்திக்கொண்டிருக்கின்றன. நேரில் சொல்ல வேண்டியதை எதற்கு எழுதுகிறாள் என்று நினைப்பாய். நேரில் ஆரம்பித்தால் நீ பாதியில் கண் கலங்குவாய், நான் நிறுத்திவிடுவேன். நீ பிறந்ததிலிருந்து அப்படித்தான் நடந்துவருகிறது. எழுதினால் உன் முகம் எனக்குத் தெரியாது. அதனால் முழுவதும் சொல்லி முடிக்கலாம்.

போன மாதம் நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். பால்கனிக் கூண்டில் பானை தொங்குகிறது, அதன் ஓட்டையில் ஒரு மஞ்சள் குஞ்சு தலையை நீட்டிப் பார்க்கிறது, பின்னால் உன் சிரிப்பு கேட்கிறது. "அப்பா இருந்திருந்தா ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாரு" என்று கீழே எழுதியிருந்தாய். வீடியோ முடிவதற்குள் உள்ளே எங்கேயோ ஒரு இருமல் சத்தம். அதை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொல்லி நான் பஸ் ஏறி வந்தது பொய். அந்த இருமலைக் கேட்கத்தான் வந்தேன்.

உன் அப்பா எப்படிச் செத்தார் என்பது உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். மீதியை நான் சொல்கிறேன்.

கல்லூரிக்குப் போய்வந்த நாளில் நம் வீட்டுப் பின்கட்டில் நீதான் கம்பிவலை அடித்தாய். ஊரில் எல்லோரும் லவ் பேர்ட்ஸ் என்று சொல்ல, நீ மட்டும் பட்ஜி என்று திருத்திக்கொண்டே இருந்தாய். பூனை வரக்கூடாது என்று அடியில் தகரம் வைத்தாய். சாரல் அடிக்கிறது என்று மூன்று பக்கமும் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டினாய். முட்டையிடுவதற்குப் பக்கவாட்டில் ஓட்டை போட்ட சின்னப் பானைகளை வரிசையாகத் தொங்கவிட்டாய். அப்பா அப்போது வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தார். கல்வராயன் மலையில் வண்டி நிற்கும் ஊர்களில் தெரிந்தவர்களிடம் சொல்லிவைத்து, தினை மூட்டையை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு வருவார். மலைத்தினை தின்றால் குஞ்சுக்கு இறகு மினுமினுப்பாக வரும் என்பார். அது உண்மையோ என்னவோ, நீ கேட்டாய், அவர் கொண்டுவந்தார்.

பிறகு உனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, "ரூம் பாத்து செட்டில் ஆனதும் வந்து எட்த்துக்கினு போறம்பா" என்று பறவைகளைக் காட்டிச் சொன்னாய். அந்தச் சமயத்தில்தான் அவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். நாள் முழுவதும் ஸ்டீயரிங் பிடித்திருந்த மனிதருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வலைக்கதவைத் திறந்து உள்ளே போய் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். காலை காபி அங்கே, பேப்பர் அங்கே. தினை உமியைத் துடைப்பத்தால் கூட்டும்போது வெள்ளையாகப் புகை மாதிரி எழும். வெளியே வரும்போது மீசை, புருவம் எல்லாம் மாவு பூசியது போல இருக்கும். நான் சிரிப்பேன். எனக்கு அது வெறும் தூசியாகத்தான் தெரிந்தது, எல்லோருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

குஞ்சு வெளியே வருகிற நாள்தான் அவருக்குப் பண்டிகை. முதலில் பானை ஓட்டையில் ஒரு தலை தெரியும். நெற்றி முழுக்கக் கறுப்பு வரி, கண்ணில் வெள்ளை வளையம் இருக்காது, வெறும் கறுப்பு மணி. எட்டிப் பார்க்கும், உள்ளே போய்விடும். அன்றும் அப்படித்தான், மறுநாளும் அப்படித்தான். ஆண் பறவை வாயில் தீனி ஊட்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வரும். பசி தாங்காமல் ஒரு காலையில் குஞ்சு பானையை விட்டுத் தொப்பென்று விழும். விழுகிற போக்கில்தான் தனக்கு இறக்கை இருப்பதே அதற்குத் தெரியும். எதிர்ப்பக்க வலையில் போய் மோதி, நகத்தால் பற்றிக்கொண்டு, எங்கே வந்தோம் என்று தெரியாமல் தொங்கும்.

"ஏ, இங்க வா. பச்ச வெளிய வந்துட்ச்சி."

"அடுப்புல பால் இருக்குதுங்க."

"பால் கெடக்குது வுடு. வந்து பாரு சீக்கிரம்."

போய்ப் பார்ப்பேன். நன்றாகத்தான் இருக்கும். இல்லையென்று சொல்லமாட்டேன்.

அவருக்கு முதலில் வறட்டு இருமல்தான் வந்தது. ஊரில் டானிக் கொடுத்தார்கள். ஆஸ்துமா என்று ஒருவர் சொன்னார். சளி எடுத்துப் பார்த்து டிபி இல்லை என்று இன்னொருவர் சொன்னார். மொட்டைமாடிக்கு ஏறினால் பாதிப் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெயில் ஜாஸ்தி என்பார், சோறு ஜாஸ்தி என்பார். கடைசியில் சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அந்த டாக்டரம்மா ஸ்கேன் எடுத்த படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வீட்ல புறா, கிளி ஏதாவது வளக்கிறீங்களா?"

"இல்லீங்க" என்றார் உன் அப்பா.

கண்ணை இமைக்காமல் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "வளக்கறோங்க மேடம். வூட்டுக்குள்ளயே கெடக்குது, இவுரு அதுக்குள்ளயேதான் குந்திக்கினு இருப்பாரு" என்றேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். இறகுத் தூசியும் எச்சத் தூசியும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, வருடக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் தழும்பாகி இறுகிவிடும், இறுகிய இடம் இறுகியதுதான், மீதி இருப்பதைக் காப்பாற்றலாம் என்று சொன்னார். "மாத்திரை அப்புறம். முதல்ல பறவை வீட்டை விட்டுப் போகணும். இந்த வாரமே."

திரும்பி வந்தது பஸ்ஸில். சின்னசேலம் தாண்டியதும், "புள்ளைக்கிட்ட சொல்லாத. பயந்துக்குவான்" என்றார். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் உனக்குத்தான் போன் போட்டேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நீ அழுதாய். பிறகு சொன்னாய்: "அம்மா, பானைல குஞ்சு இருக்குதேம்மா. இப்ப எட்த்தா செத்துடும். வெளிய வரட்டும், நானே லீவு போட்டு வந்து எட்த்துக்கினு போறேன். அதுவரைக்கும் அப்பாவ மாஸ்க் போட்டுக்கச் சொல்லு."

சரியென்றேன். குஞ்சுகள் வெளியே வந்தன. அதற்குள் அடுத்த பானையில் முட்டை. உனக்குத் தெரியாததா? பெட்டைக்கு ஓய்வே கிடையாது. ஒரு பானை காலியாகும்போது இன்னொரு பானையில் சிவப்புக் குஞ்சு வாயைத் திறந்துகொண்டிருக்கும். நான் போன் போடும் ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு பானையில் ஒரு குஞ்சு இருந்தது. ஒவ்வொரு தடவையும் நீ அதையே சொன்னாய். கோபமாகச் சொல்லவில்லை, மறுத்துச் சொல்லவில்லை. அதுதான் உன்னிடம் இருக்கும் குறை, கதிர். நீ எதையும் முடியாது என்று சொன்னதே இல்லை. ஆகட்டும் என்பாய். எலவனாசூர்கோட்டை அத்தை படுத்த படுக்கையாக உன்னைப் பார்க்கக் கேட்டபோதும் ஆகட்டும் என்றாய். மாலை போட்ட படத்தைத்தான் வந்து பார்த்தாய். முடியாது என்று சொல்கிற பிள்ளையோடு ஒரு தாய் சண்டை போடலாம். ஆகட்டும் என்கிறவனை என்ன செய்வது?

அடுத்து வந்த பொங்கலுக்கு வந்தாய். அவர் மூச்சு விடும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வருவதை நீ பார்த்தாய். பார்த்துவிட்டு வேறுபக்கம் திரும்பியதை நான் பார்த்தேன். பிறகு பின்கட்டுக்குப் போனாய். கூண்டுக்குள் அப்பாவும் நீயும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள். செல்வி அப்போது உனக்கு நிச்சயமான பெண். அவளுக்கு வீடியோ காலில் ஒவ்வொரு பறவையாகக் காட்டினாய். மாஸ்க்கைப் போட்டால் குஞ்சுகள் மிரள்கின்றன என்று அவர் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தார். நீ போனை அடுத்த பறவைப் பக்கம் திருப்பினாய். கிளம்பும் நாளில் நான் வாசலில் நின்று, "எட்த்துக்கினு போறேன்னியே" என்று கேட்டேன். "கல்யாணம் முடிஞ்சி பெரிய வூடா பாக்கறம்மா. இப்ப இருக்கறது மேன்ஷன் ரூமு" என்றாய். கரும்பு, வாழைத்தார் எல்லாம் தூக்கிக்கொண்டு போனாய். அவற்றுக்கு அந்த ரூமில் இடம் இருந்தது.

உன் அப்பா ஒன்றும் அப்பாவி இல்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்லி அவரை மாலைக்குள் உட்காரவைக்க எனக்கு விருப்பமில்லை. நானே சந்தைக்கு எடுத்துப்போகிறேன் என்று சொன்னபோது வலைக்கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைப் பூணூல் மாதிரி கயிற்றில் கோத்து மார்பில் தொங்கவிட்டுக்கொண்டவர் அவர். "அவன் வந்து கேட்டா நான் இன்னா பதில் சொல்றது?" என்பார். நீ கேட்கவே போவதில்லை என்று அவருக்கும் தெரியும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாளே, அவளுக்கு என்ன பதில் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. ஆண்பிள்ளைகள் இரண்டுபேரும் பறவைமேல் இரக்கப்பட்டீர்கள். இரக்கத்துக்கான செலவை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சித்திரை வெயிலில் ஒருநாள் அது நடந்தது. நீலப்பெட்டையின் குஞ்சு ஒன்று வெளியே வந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. பறக்கத் தெரிந்துவிட்டது, தின்னத் தெரியவில்லை. பசித்ததும் பழைய பானைக்குள்ளேயே போய் நுழைந்தது. உள்ளே நீலப்பெட்டை புது முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. நான் மாவாட்டிக்கொண்டிருந்தேன், பானைக்குள் கிறீச்சென்று ஒரு சத்தம், நிற்காமல் வந்தது. உன் அப்பா பூட்டைத் திறந்து ஓடினார். பானைக்குள் கையை விட்டுக் குஞ்சைப் பிடுங்கி எடுத்தார். மண்டைத்தோல் உரிந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. ஒரு கண் இல்லை. பெற்றதே அப்படிக் கொத்தியிருந்தது. அதன் அலகில் ரத்தம், வந்து ஓட்டையில் நின்று வெளியே பார்த்தது. அடுத்த முட்டைகளுக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான் அதன் கணக்கு. எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கூண்டில் செய்ய வேண்டியதைச் செய்தது அது ஒன்றுதான்.

மற்ற பறவைகள் மிரண்டு கூண்டு முழுக்கப் பறந்தன. தூசி மேகம் மாதிரி எழுந்தது. அவர் அதற்குள் உட்கார்ந்துகொண்டு குஞ்சைக் கையில் வைத்து வாயால் ஊதினார். தனக்கே இல்லாத மூச்சை அதற்கு ஊதினார். "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று நான் கத்துகிறேன். உதடு கறுத்து, ஸ்டூலோடு சாய்ந்தார். காலைப் பிடித்து இழுத்துத்தான் வெளியே கொண்டுவந்தேன். மூடிய கை திறக்கவேயில்லை. ஆம்புலன்சில் நர்ஸ்தான் விரலைப் பிரித்துக் குஞ்சை எடுத்து வெளியே போட்டது.

நீ வந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மடியில் படுத்து அழுதாய். அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆக்சிஜன் மெஷினை வாங்கி வைத்துவிட்டு, லீவு இல்லை என்று போய்விட்டாய். பறவைகளைப் பற்றி நீயும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

நீ போன மறுநாள் காலை அவர் மார்பிலிருந்து சாவியை அறுத்தெடுத்தேன். மாத்திரை மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். தியாகதுருகத்தில் பறவைக்கடை வைத்திருப்பவரை வரச்சொல்லியிருந்தேன். பெரியதையெல்லாம் வலைப்பையில் பிடித்தார். வெளியே வந்து பறக்கிற குஞ்சுகளையும் பிடித்தார். பானைகளை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார். "இதுங்களுக்கு இன்னும் தூவலே மொளைக்கலீங்க. எட்த்துக்கினு போனாலும் பெட்ட தீனி ஊட்டாது. வுட்டுட்டுப் போறேன், நீங்களே பாத்துக்குங்க" என்றார்.

நானே பார்த்துக்கொண்டேன். முட்டைகளைச் சாக்கடையில் போட்டு உடைத்தேன். இறகு முளைக்காத குஞ்சுகளை என்ன செய்தேன் என்று நீ இன்றுவரை கேட்கவில்லை. வாளியில் தண்ணீர் பிடித்து அதில் போட்டு, மேலே இன்னொரு வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். பசியில் ஒவ்வொன்றாகச் சாகவிடுவதைவிட அது சீக்கிரம். சத்துணவு அமைப்பாளராக இருந்து எத்தனையோ பிள்ளைகளுக்குச் சோறு போட்ட கைதான். அதன்பின் பானைகளை உடைத்தேன், வலையை அறுத்தேன், பிளாஸ்டிக் தாளைக் கிழித்தேன், தரையைப் பினாயில் போட்டுக் கழுவினேன். குளித்துவிட்டுச் சாப்பிட்டேன். நன்றாகத் தூங்கினேன். இதைச் சொல்லும்போது எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் ஊரில் இல்லாததால் அந்த வேலை எனக்கு வந்தது.

சாயங்காலம் அவர் விழித்துக்கொண்டார். மெஷின் சத்தத்துக்கு மேலே காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்.

"சத்தமே காணோமே."

"குடுத்துட்டேன்."

"குஞ்சுங்க?"

"எல்லாம் வெளிய வந்துட்ச்சிங்க. வந்தப்புறம்தான் குடுத்தேன்."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளரைக் கட்டிலில் தட்டுவார். நான்தான் குளிப்பாட்டினேன், நான்தான் மலஜலம் எடுத்தேன், நான்தான் வாயில் கஞ்சி ஊற்றினேன். நீ போன் பண்ணும்போது மட்டும், "நல்லாருக்கன்ப்பா, நீ வேலையப் பாரு" என்று இரண்டு வார்த்தைக்கு மூச்சைச் சேர்த்து வைத்திருந்து பேசுவார். ஆவணியில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரைக்கும் எனக்கென்று ஒரு வார்த்தை வரவில்லை.

காரியத்தன்று, சொந்தபந்தம் அத்தனைபேர் நடுவில், நீ காலியான பின்கட்டைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாய்: "அவருக்கு இருந்த ஒரே சந்தோஷத்தையும் புடுங்கிட்டியேம்மா. அதுலயே பாதி செத்துட்டாரு." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எச்சில் இலை எடுக்கப் போய்விட்டேன். உன் தலை மொட்டை அடித்திருந்தது, சின்னக் குழந்தை மாதிரி இருந்தாய். அதனால் விட்டேன்.

இனி விடமாட்டேன். காலையில் நீ கிளம்பியதும் செல்வியை உட்காரவைத்து அப்பாவுக்கு வந்த நோயைச் சொன்னேன், நீ போனில் சொன்னதைச் சொல்லவில்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் கேட்டாள். நடுநடுவே இருமினாள்.

"படி ஏறினா மூச்சு வாங்குது அத்த. மாசமா இருந்தா அப்படித்தான்னு டாக்டரு சொல்றாங்க" என்றாள்.

"இருக்கலாம்மா. பறவ எட்த்துடுங்கனு அவங்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் அத்த. சரின்னாரு. பானைல குஞ்சு இருக்குதாம், வெளிய வரட்டும்னாரு."

அவளுக்கு என்ன சொல்கிறோம் என்று தெரியாது. சாதாரணமாகச் சொன்னாள். நீ எனக்குப் போனில் சொன்னதை அதற்குப் பிறகுதான் அவளிடம் சொன்னேன்.

இது அதே நோய் என்று நான் சொல்லவில்லை. சளியாக இருக்கலாம். பிள்ளை மேலே அழுத்துவதாகவும் இருக்கலாம். காத்திருந்து தெரிந்துகொள்கிற வேலையை நான் ஒருதடவை செய்து முடித்துவிட்டேன். அவள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டோம். வாடகைக் கார் வரச்சொல்லியிருக்கிறோம். செல்வியைத் திருக்கோவிலூரில் அவள் தாய்வீட்டில் விட்டுவிட்டு, நாளை நுரையீரல் டாக்டரிடம் காட்டச் சொல்லிவிட்டு, நான் கள்ளக்குறிச்சிக்குப் போய்விடுவேன். இது நான் இழுத்துக்கொண்டு போவது இல்லை. பெட்டியை அவளே அடுக்கினாள். உன்னிடம் சொல்லிவிட்டுப் போகலாமா என்று நான்தான் கேட்டேன். "சொன்னா அழுவாரு அத்த, அப்புறம் நான் நின்னுடுவேன்" என்றாள். உன்னை எனக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் இத்தனை சீக்கிரத்தில் தெரிந்துவிட்டது.

உன் பறவைகளை நான் தொடவில்லை. அவற்றை வைத்துக்கொள், விற்றுவிடு, எதுவும் செய். ஒரு யோசனையும் சொல்லமாட்டேன். பால்கனிக் கதவைச் சாத்தியிருக்கிறேன். செல்வியின் போனை அவள் அம்மா வைத்திருப்பார்கள், அதற்கு அழைத்து அழாதே. எனக்கும் அழைக்காதே.

திருக்கோவிலூருக்குப் போவதென்றால் நன்றாகத் தலைமுழுகிவிட்டுப் போ. இந்த வீட்டில் தூசி படிந்து கிடக்கும் எந்தத் துணியையும் போட்டுக்கொள்ளாதே, வழியில் புதுச்சட்டை ஒன்று வாங்கி மாற்றிக்கொள். போனதும் உள்ளே நுழையாதே. வாசலில் நின்று கூப்பிடு. வரலாமா வேண்டாமா என்பதை அவள் சொல்வாள்.

அம்மா